ஹெவ்லொக் டவுன் தோட்டக் கொடிகள்

கொழும்பு 5 அஞ்சல் வலயத்திலுள்ள ஹெவ்லொக் டவுனின் வீட்டு வளவுகளிலும் மதில்களிலும் வளர்க்கப்படும் படர்கொடிகள். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயர் இப்பகுதிக்கு இடப்பட்டது.

இலங்கைக் கொடிகளைப் பதிவுசெய்யும் பணி இக்குடியிருப்புக்கு இரு நூற்றாண்டுகள் முந்தியது. 1672இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக வந்த போல் ஹெர்மன், இங்குள்ள செடிகொடிகளை உலர்த்தித் தொகுத்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டின் பின் அத்தொகுப்பு தாவரவியலாளர் லின்னேயசின் கைக்கு வந்தது. அதைக் கொண்டே அவர் 1747இல் 'புளோரா சைலானிக்கா'வை எழுதினார். லின்னேயசின் மாணவர் துன்பேர்க் 1777இல் இலங்கைக்கு வந்தார். மதில்களில் நீலப் பூச் சொரியும் துன்பேர்ஜியா அவர் பெயரைக் கொண்டது. பேராதனைப் பூங்கா 1821இல் அமைந்தது. அதன் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் 1824இல் உள்நாட்டுத் தாவரங்களையும் வந்தேறிகளையும் ஒரே பட்டியலில் வெளியிட்டார். இன்றைய தோட்டக் கலப்பை அதிலேயே காணலாம்.

தோட்டத்துக்குக் கொடியைத் தெரிவுசெய்கையில் அது எதைப் பற்றி ஏறும் என்பதே முதற் கேள்வி. ஏறும் முறைப்படி டார்வின் 1865இல் வகுத்த பிரிவு இதற்கு இன்றும் போதும். சுற்றியேறும் நீலக்காக்கணத்துக்கு மெல்லிய கம்பி வேண்டும். கொடித்தோடை, பாகல், புடோல் ஆகியன சுருள் பற்றுக்கம்பிகளால் பிடிப்பதால் பந்தல் கேட்கும். கார்த்திகைப்பூ இலை நுனியாலேயே பற்றும். கிழங்கு கொடிய நஞ்சாகையால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. மணி பிளான்ட் தென் பசிபிக்கின் மூரேயா தீவுக்குரியது. வேரால் மரத்தைப் பற்றி ஏறினால் இலைகள் பன்மடங்கு பெரிதாகும். போகன்வில்லா எனப்படும் காகிதப்பூ உண்மையில் கொடியன்று, முள்ளால் சாய்ந்தேறும் புதர். கொழும்பு மழையில் நிலத்தில் நட்டால் இலையே மிகும். சட்டியில் வைத்து நீரைக் குறைத்தால் தை, மாசி வெயிலில் பூத்துக் குலுங்கும்.

தொடர்மாடிகள் பெருகியபின் கொடிகள் பல்கனிச் சட்டிகளுக்கு மாறிவருகின்றன. சட்டித் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.