`உனக்கென்ன குறைச்சல்?' - டீன் ஏஜ் பிள்ளையிடம் இப்படிக் கேட்கிறீர்களா?

அருள்புரம் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வீடு திரும்பினால், சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கிறாள் மகள். `உனக்கென்ன குறைச்சல்?' என்று கேட்டுவிடுகிறோம். பதில் அவளுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

10 - 19 வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்குதான் கவுன்சலிங் உதவும்.

கவுன்சலிங்னா அட்வைஸ் இல்லீங்க. `கோபமா வருது' என்கிற பிள்ளை, பேசப் பேச, அடியில் இருப்பது பயம் என்று கண்டுகொள்ளும். `ஃபெயிலானா வாழ்க்கையே போச்சு' என்ற எண்ணத்தை எழுதவைத்து, `அது நிஜமா, வேற வழியே இல்லையா?' என்று ஆலோசகர் கேட்பார். எண்ணம் தளர்ந்தால் உணர்வின் வேகமும் குறையும். சிபிடி என்பது இதுதான். ஒரே நாளில் மாறாது. சில வாரங்கள் பிடிக்கும்.

பிள்ளை பேசியதைப் பொதுவாக ஆலோசகர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார். ஆபத்து இருந்தால் சொல்வார். அதனால், `உள்ள என்ன பேசினே?' என்று துருவாதீர்கள்.

தூக்கம், சாப்பாடு, படிப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டால் உதவி தேடுங்கள். `செத்துப்போறேன்' என்று சொன்னால், தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2022-ல் மத்திய அரசு தொடங்கிய `டெலி மானஸ்' எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். 24 மணி நேரமும் உண்டு என்பதால், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தும் அழைக்கலாம்.