நேர்முகத் தேர்வில் தனிப்பட்ட வினாக்கள்

நேர்முகத் தேர்வில் தனிப்பட்ட வினாக்கள் என்பன, பணியோடு தொடர்பின்றி விண்ணப்பதாரரின் திருமணம், மகப்பேறு, சாதி முதலியவை குறித்துக் கேட்கப்படுவன ஆகும். முதலிரண்டும் பெரும்பாலும் பெண்களிடமே கேட்கப்படுகின்றன.

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணிச்சேர்க்கைப் படிவம் முன்னர் மாதவிடாய் நாளைக்கூடக் கேட்டது. 1990இல் மகப்பேறு விடுப்பிலிருந்த பெண்ணொருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். படிவத்தில் அவர் பொய் கூறினார் என்பதே வழக்கில் கழகத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் 1991இல் அவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிட்டு, அவ்வினாக்களையும் நீக்கச் செய்தது.

தனியார் துறையில், திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலை மணமான பெண்களைத் தவிர்ப்பதாக 2024 சூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. வாயிற்காவலரே மணமானவரா எனக் கேட்டுத் திருப்பியனுப்பியதாகவும் அதில் கூறப்பட்டது. நிறுவனம் மறுத்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, நடுவண் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது.