போலிப் போதகரும் நகைச்சுவைப் படமும்

பசுத்தோல் போர்த்த புலியைக் கண்டு நகைப்பதற்கு உரிமை உண்டா? ஐக்கிய அமெரிக்காவின் திரைப்பட வரலாற்றில் இவ்வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வழக்காடு பொருளாய் இருந்தது.

1915 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், திரைப்படம் காட்டுதல் வெறும் வணிகமே எனவும், பேச்சுரிமையின் காப்பு அதற்கு இல்லை எனவும் தீர்ப்பளித்தது. எனவே தணிக்கைச் சபைகளின் கை ஓங்கியது.

1923 இல் சார்லி சாப்ளின் "யாத்திரிகன்" என்னும் பொருளுடைய பெயரில் ஒரு படத்தை வெளியிட்டார். சிறையிலிருந்து தப்பிய கைதி ஒருவன், நீராடச் சென்ற போதகரின் உடையைத் திருடி அணிந்துகொள்கிறான். புதிய போதகரை எதிர்பார்த்திருந்த சிற்றூரார் அவனை வரவேற்று ஆலயத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அவனோ காணிக்கைப் பெட்டிகளைத் தூக்கிக் கனம் பார்க்கிறான்; தாவீது கோலியாத்தை வென்ற கதையைக் கூத்தாகவே ஆடிக் காட்டுகிறான். எனினும், தனக்கு இடமளித்த மூதாட்டியின் பணத்தைப் பழைய சிறைத்தோழன் களவாடியபோது, அதனை மீட்டுக் கொடுப்பவனும் அவனே. அங்கு நகைக்கப்பட்டது சமயமன்று. உடையைக் கண்டதும் ஆளை ஆராயாது நம்பும் மக்களின் பேதைமையே.

இத்தகைய நகைப்புக்கு 1930 இல் தடை வந்தது. பெரும் பட நிறுவனங்கள் ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதனை வகுத்தோருள் ஒருவர் டானியல் லோட் என்னும் யேசு சபைக் குருவானவர். சமய குருமாரைக் கேலிப் பாத்திரமாகவோ கொடியவராகவோ காட்டலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1934 முதல் அக்கோவை கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சமயத்தின் மதிப்பைக் காப்பதே அதன் நோக்கம்.

1952 இல் நிலைமை மாறத் தொடங்கியது. வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என நம்பி ஏமாந்த ஏழைப் பெண்ணின் கதையை இத்தாலிய இயக்குநர் ரொசெலினி படமாக்கியிருந்தார். தெய்வ நிந்தனை எனக் கூறி நியூ யோர்க் மாநிலம் அதனைத் தடைசெய்தது. அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், திரைப்படத்துக்கும் பேச்சுரிமை உண்டு என ஏற்றது. சின்கிளேயர் லூயிஸ் 1927 இல் எழுதிய "எல்மர் கான்ட்ரி" என்னும் நாவல் 1960 இலேதான் படமாயிற்று. போலிப் போதகனாக நடித்த பேர்ட் லங்காஸ்டர் ஒஸ்கார் பரிசு பெற்றார்.

1968 இல் கோவை கைவிடப்பட்டபின், சிறு முதலில் படமெடுப்போரும் இப்பொருளைக் கையாண்டனர். 1971 இல் வெளிவந்த "பிரீச்சர்மேன்" அத்தகையது. நாட்டுப்புறத்தாரின் பக்தியையும் பணத்தையும் ஒருங்கே கவரும் போலிப் போதகனே அதன் நாயகன். அதன் நகைச்சுவை கொச்சையானது. உயர்ந்த கலையென அதனைப் போற்றுதல் அரிது.

ஆயினும் அது வெறும் கற்பனையன்று என்பதை 1972 இல் வெளிவந்த "மார்ஜோ" என்னும் ஆவணப்படம் காட்டிற்று. 1944 இல் பிறந்த மார்ஜோ கோட்னர் நான்கு வயதிலேயே போதகராக்கப்பட்டு, ஒரு திருமணத்தையும் நடத்திவைத்தவர். பிரசங்கத்தை மனனஞ் செய்யத் தவறினால், உடலில் தழும்பு தோன்றாவண்ணம் தலையணையால் மூச்சுத் திணறச் செய்வர் என அவர் அதிற் கூறினார். நம்பிக்கையின்றியே போதித்துப் பணம் ஈட்டியதையும் ஒப்புக்கொண்டார். அப்படம் ஒஸ்கார் பரிசு பெற்றது.

திரையிலே போதகரை நகைக்கலாகாது என்று கோவை காவல் நின்ற அதே ஆண்டுகளில்தான் அச்சிறுவன் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டான். சமயத்தின் மதிப்பைக் காக்க எழுந்த விதி அவனைக் காக்கவில்லை என்பதை நேயர்கள் சிந்தித்தல் தகும்.