பெரட்டும் பன்ச் மெஷினும்

வீட்டிலிருந்து வேலை முடிஞ்சு, இனி கொழும்பு ஆபிஸில் காலையிலேயே மெஷினில் விரல் வைக்கணும் என்றதும் அம்மாச்சி, "அப்ப அதுவும் பெரட்டுதானே" என்றார். சரியாத்தான் சொன்னார்.

கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்களில் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, ஊர் திரும்பியவர்கள். ஊரிலும் பண்ணையாருக்கு உழைத்தவர்கள்தான். ஆனா அங்கே வேலைக்கு நேரம் சொன்னது மழையும் வெயிலும். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி ஏறக்குறைய ஒழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கொழுந்து வருசம் முழுக்க வரும், நாள் தவறினால் முற்றிவிடும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்தில் குடியேற்றினார்கள்.

விடியுமுன் தப்புச் சத்தம், பிறகு பெரட்டுக்களம். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய பேர் போச்சு. ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் சொல்வோம். கிலோ குறைந்தால் இன்றும் அரைப்பேர்.

இதில் பெண்களின் கதையை நாம இன்னும் சரியா எழுதல. சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் அவர்கள் பெரட்டுக்கு ஓடணும். ஆண்கள் பலர் தங்கள் வேலையை முடித்து முன்னமே வீடு திரும்ப, பெண்கள் அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை மலையில்.