'நான் யார்?' என்று கேட்ட கணினி

இன்றைய கருத்தரங்கில் எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு, இயங்குதளங்களைக் கட்டமைப்பு வழியாகத் தானாக நிறுவும் முறை வளர்ந்த வரலாறு. தலைப்பைக் கேட்டதும் அலைவரிசையை மாற்றிவிட வேண்டாம், நேயர்களே. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிகள் ஒரே கட்டளையில் துடைத்தெடுக்கப்பட்ட கதையும் இதில் உண்டு.

விண்டோஸ் 95 நெகிழ்வட்டுகளில் வந்தபோது 13 வட்டுகள் தேவைப்பட்டன. 40 கணினிகள் உள்ள கூடம் என்றால் 520 முறை வட்டைச் செருக வேண்டும். நடுநடுவே மொழி எது, கடவுச்சொல் எது என்று திரை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வேறு உட்கார்ந்திருக்க வேண்டும். கணினியே கட்டமைப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் என்ன? இதற்கான அடித்தளம் பத்தாண்டுகளுக்கு முன்பே, வேறொரு தேவைக்காகப் போடப்பட்டிருந்தது.

1980களில் வன்தட்டின் விலை அதிகம். அதனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் வன்தட்டே இல்லாத கணினிகளையும் விற்றன. அப்படிப்பட்ட கணினியை முடுக்கியதும் அதனிடம் இயங்குதளம் இருக்காது. கட்டமைப்பில் தன் முகவரி என்ன என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம், கட்டமைப்பு அட்டையில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட 48 பிட் எண் மட்டும்தான். அந்த எண்ணைச் சொல்லி, "நான் யார்?" என்று பொதுவாகக் கூவ வேண்டியதுதான். இதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர். ஆம், எங்கள் ஒளிபரப்புத் துறையின் சொல்லேதான்! யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே பேசுவதில் எனக்கும் அந்தக் கணினிக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

1984இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ரார்ப் நெறிமுறை, இந்தக் கேள்விக்கு முகவரியை மட்டும் பதிலாகத் தந்தது. மறு ஆண்டு பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் வெளியிட்ட பூட்பி, இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: உனக்கு வேண்டிய கோப்பு இன்ன வழங்கியில், இன்ன பெயரில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்.

எதைக் கொண்டு எடுப்பது? அங்கேதான் டி.எஃப்.டி.பி. வருகிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கேரன் சோலின்ஸ் 1981இல் எழுதிய ஆவணம் இதை விவரிக்கிறது. 512 பைட் அனுப்பு. 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை காத்திரு. அடுத்த 512ஐ அனுப்பு. இவ்வளவுதான் முறை. கணினியில் நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நினைவகத்திற்குள் அடங்க வேண்டுமே, அதனால் இந்த எளிமை. அந்த எளிமையில் கடவுச்சொல்லுக்கும் இடமில்லாமல் போனது. பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் கணினி நம்பிவிடும். என் பார்வையில், பின்னாளில் வந்த தொல்லைகளில் பாதிக்கு வேர் இங்கேதான்.

1993இல் பூட்பியின் வாரிசாக டி.எச்.சி.பி. வந்தது. 1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் இவற்றையெல்லாம் இணைத்து, பி.எக்ஸ்.இ. என்ற பெயரில் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டு வந்தது. திரையில் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்கும் கோப்புகளும் பெருகின. சன் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட், ரெட் ஹாட்டின் கிக்ஸ்டார்ட் ஆகியவை அந்த வகை. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999இல் தொடங்கிய எஃப்.ஏ.ஐ., டெபியன் இயங்குதளத்திற்கு இந்த வேலையைச் செய்தது.

இப்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கணினி முடுக்கியவுடன் முதலில் கட்டமைப்பைக் கேட்கிறது. வழங்கியோ 'நிறுவு' என்கிறது. நிறுவி முடித்து மறுபடி முடுக்கினால்? மறுபடியும் கேட்கும், மறுபடியும் அழித்து நிறுவும். விடிய விடிய இதே வேலைதான். விண்டோஸ் 2000 வழங்கியுடன் வந்த சேவை இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: எஃப்12 விசையை ஒருவர் அழுத்தினால்தான் கட்டமைப்பு வழி தொடரும். லினக்ஸ் உலகின் காப்ளர் போன்ற கருவிகளிலோ, ஒருமுறை நிறுவியதும் அந்தக் கணினிக்கு மறுபடி நிறுவும் கட்டளை போகாதபடி வழங்கியிலேயே குறித்துவைக்கலாம்.

விசையை அழுத்த விரலே தேவையில்லாத நிலை வந்தபோது என்ன நடந்தது? 2014 மே மாதம், அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மடிக்கணினி, மேசைக்கணினி, வழங்கி எதையும் அது விட்டுவைக்கவில்லை. விவரம் தெரிந்து நிறுத்தப் போனபோது, கட்டளை அனுப்பிய வழங்கியே தன்னையும் அழித்துக்கொண்டிருந்தது.

இது பதில் சொன்னவர் செய்த தவறு. போலியாக யாராவது பதில் சொன்னால் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. 2015இல் வெளியான யு.இ.எஃப்.ஐ. 2.5 தரநிலை, டி.எஃப்.டி.பி.க்குப் பதிலாக இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. வழியே கோப்பை எடுக்க வழிசெய்தது. அதன் பாதுகாப்பான வடிவத்தைப் பயன்படுத்தினால், பதில் சொல்லும் வழங்கியிடம் கணினி சான்றிதழ் கேட்கலாம். "நான் யார்?" என்று மட்டும் கேட்டுவந்த கணினி, "நீ யார்?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின.