குறைந்த செலவு வான்வழி ஒளிப்படவியல்

குறைந்த செலவு வான்வழி ஒளிப்படவியல் என்பது விமானம், உலங்கு வானூர்தி, செயற்கைக்கோள் ஆகியவற்றின் உதவியின்றி, எளிய அமைப்புகளில் ஒளிப்படக்கருவியைப் பொருத்தி நிலப்பரப்பை மேலிருந்து படம்பிடிக்கும் முறையாகும். கருவியைத் தூக்கிச் செல்லும் அமைப்பு தாங்கி எனப்படும். பட்டம், கயிற்றில் கட்டிய ஈலியம் பலூன், நீண்ட கழி, டுரோன் ஆகியன முதன்மையான தாங்கிகள். தொல்லியல், சூழலியல், வேளாண்மை, நிலப்பட வரைவு ஆகிய துறைகளில் இம்முறை பயன்படுகிறது. எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் தாங்கி என ஒன்று இல்லை. படமெடுக்கும் இடத்தில் வீசும் காற்றே தெரிவை முதலில் முடிவு செய்கிறது.

வரலாறு

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் நதார் 1858 இல் பலூனில் ஏறி முதல் வான்வழி ஒளிப்படத்தை எடுத்தார். அப்படம் இன்று இல்லை. 1860 இல் சேம்சு வாலசு பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாசுட்டன் நகரப் படமே எஞ்சியுள்ள மிகப் பழைய வான்வழி ஒளிப்படம். 1888 இல் பிரான்சின் லப்ருகியேர் என்னும் ஊரில் ஆர்தர் பத்யூ பட்டத்தில் கருவியைப் பொருத்திப் படமெடுத்தார். மெதுவாக எரியும் திரி ஒன்று உரிய நேரத்தில் மூடியை இயக்கியது.

அமெரிக்கரான சியார்ச்சு லாரன்சு முதலில் பலூனில் தாமே ஏறிப் படமெடுத்தார். ஒருமுறை அவர் இருந்த கூண்டு பலூனிலிருந்து அறுந்து விழுந்தது. தொலைபேசிக் கம்பிகளில் சிக்கியதால் அவர் உயிர் தப்பினார். பின்னர் அவர் பட்டங்களுக்கு மாறினார். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் அழிந்த சான் பிரான்சிசுக்கோ நகரை, அடுத்த மாதமே, தொடராகக் கட்டிய 17 பட்டங்களின் துணையுடன் சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து படம்பிடித்தார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 22 கிலோகிராம்.

தாங்கிகளின் ஒப்பீடு

பட்டம்: இதற்கு எரிபொருளோ மின்கலமோ தேவையில்லை. காற்று நிலைக்கும் வரை மணிக்கணக்கில் பறக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். எனவே மென்காற்றுக்கு முக்கோண வடிவப் பெரிய பட்டமும், நடுத்தரக் காற்றுக்குச் சப்பானின் அறுகோண ரொக்காக்குப் பட்டமும், வலுவான காற்றுக்குச் சட்டமில்லாத துணிப் பட்டமும் ஏற்றவை. கருவியைப் பட்டத்தில் நேரடியாகப் பொருத்துவதில்லை. பட்டத்துக்குக் கீழே சில பத்து மீட்டர் விட்டுக் கயிற்றில் தொங்கவிடுவர். பிரெஞ்சுக்காரரான பிக்காவே 1912 இல் அமைத்த கப்பித் தொங்கல், கயிற்றின் சாய்வு மாறினாலும் கருவியைக் கிடைநிலையில் வைத்திருக்கும்.

ஈலியம் பலூன்: காற்று இல்லாதபோது இதுவே பொருத்தமானது. ஒரு கன மீட்டர் ஈலியம் சுமார் 1 கிலோகிராம் எடையைத் தூக்கும். 1.5 மீட்டர் விட்டமுள்ள பலூனின் மொத்தத் தூக்குதிறன் ஏறத்தாழ 1.8 கிலோகிராம். இதில் பலூன், கயிறு ஆகியவற்றின் எடையைக் கழித்தால் எஞ்சுவதே கருவிக்கு உரியது. காற்று வீசினால் பலூன் பக்கவாட்டில் தள்ளப்பட்டுத் தாழும். ஒவ்வொரு முறையும் வளிமம் வாங்க வேண்டியிருப்பதால் தொடர்செலவு மிகுதி.

கழி: சில மீட்டர் உயரமே கிட்டும். எனினும் அகழாய்வுக் குழி போன்ற சிறு பரப்புக்கு இது போதும். செலவும் இடரும் மிகக் குறைவு.

டுரோன்: விரும்பிய இடத்தில் நிலையாக நிற்கும்; முன்பே வகுத்த பாதையில் பறக்கும். சிறிய வகைகள் ஒரு மின்கலத்தில் பெரும்பாலும் அரை மணி நேரம் வரையே பறக்கும். பல நாடுகளில் பதிவும் அனுமதியும் தேவைப்படும்.

உயரத்தைக் கணக்கிடுதல்

படத்தின் ஒரு படப்புள்ளி தரையில் எவ்வளவு நீளத்தைக் குறிக்கும் என்பதை, பறக்கும் உயரத்தைப் படப்புள்ளியின் அளவால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்து அறியலாம். குவியத்தூரம் 5 மில்லிமீட்டர், படப்புள்ளி 1.5 மைக்ரோமீட்டர், உயரம் 100 மீட்டர் எனில் விடை 3 செண்டிமீட்டர். படத்தின் அகலம் 4000 படப்புள்ளிகள் எனில் ஒரு படம் 120 மீட்டர் அகலத்தைக் காட்டும். எனவே இலேசான கருவியே பல பணிகளுக்குப் போதும். எடை குறையும்போது பட்டமும் பலூனும் சிறியனவாகும், செலவும் குறையும்.

2010 எண்ணெய்க் கசிவு

2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஒரைசன் துளைமேடை வெடித்து, எண்ணெய் கடலில் பரவியது. லூசியானா கரையோர மக்களும் தன்னார்வலர்களும் பலூன்களிலும் பட்டங்களிலும் சாதாரண எண்ணிமக் கருவிகளைக் கட்டிக் கரையைப் படம்பிடித்தனர். கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகப் படமெடுத்தது. படங்களை இணைத்து நிலப்படங்கள் உருவாக்கப்பட்டன. பாதிப்பைப் பற்றிய சான்று அரசிடமும் நிறுவனங்களிடமும் மட்டும் இராமல், பாதிக்கப்பட்டோரின் கையிலும் இருக்க இம்முறை வழி செய்தது.

பாதுகாப்பும் சட்டமும்

மின்கம்பிகள், சாலைகள், வானூர்தி நிலையங்கள் ஆகியவற்றின் அருகிலும் இடிமின்னலின்போதும் பறக்கவிடுதல் கூடாது. உலோகக் கம்பியைத் தவிர்த்து, பின்னப்பட்ட பாலியெசுட்டர் கயிற்றைப் பயன்படுத்த வேண்டும். இழுவிசை மிகும்போது கயிறு கையை அறுக்கும் என்பதால் கையுறை இன்றியமையாதது. மக்கள் கூட்டத்துக்கு மேல் கருவியைத் தொங்கவிடக் கூடாது.

பட்டமும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஐக்கிய இராச்சியத்தில் 60 மீட்டருக்கு மேல் பட்டம் பறக்கவிட அனுமதி பெற வேண்டும். இந்திய வானூர்திச் சட்டம், 1934, பலூனையும் பட்டத்தையும் வானூர்தி என்னும் வரையறைக்குள் சேர்த்திருந்தது. அதற்கு மாற்றாக 2024 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.