சக்கரத்தின் சாட்சி

சுழலும் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். சுழலாது இழுபடும் சக்கரம் தரைமேல் வழுக்கிச் செல்லும். மழை பெய்த தார்ச் சாலையில் விரைந்து செல்லும் ஒருவர் அஞ்சிப் பிரேக்கை அழுந்த மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்கள் நின்றுவிடுகின்றன, வண்டி நிற்பதில்லை. முன்சக்கரங்கள் சுழலாதிருக்கும்வரை ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினும் பயன் இராது. இக்கேட்டைத் தவிர்க்கவே ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு தோன்றியது. அது தோன்றிய கதையை அறிந்தோமானால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் அவ்வமைப்பு பழுதுறும்போது பழுதை எங்கே தேடவேண்டும் என்பதும் விளங்கும். ஆதலின் கதையையும் பழுதையும் சேர்த்தே சொல்ல விழைகிறேன்.

இதில் முதலில் கருத்தூன்றி உழைத்தோருள் விமானத் தொழிலினர் குறிப்பிடத் தக்கவர். தரையிறங்கும் விமானத்தின் சக்கரம் இறுகி நின்றால் டயர் தேய்ந்து வெடித்துவிடும். பிரான்சில் காப்ரியேல் வுவாசான் 1920-களிலேயே இதற்கு வழி தேடினார். ஆயினும் பரவலாகப் பயன்பட்ட முதற் கருவி, 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் ஆக்கிய மாக்ஸரெட் என்பதாகும். அதனுள்ளே கனத்த சிறு சுழல்சக்கரம் ஒன்று விமானச் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். விமானச் சக்கரம் திடீரென வேகம் குன்றினால், உள்ளிருக்கும் கனத்த சக்கரம் தன் வேகம் குன்றாமல் முந்திச் சுழலும். அம்முந்துதலே ஒரு வால்வைத் திறந்து பிரேக்கின் அழுத்தத்தைத் தணிக்கும். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் வால்வு மூடிக்கொள்ளும். எவ்வளவு எளிய சூழ்ச்சி!

1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்னும் ஆங்கிலக் கார் இம்மாக்ஸரெட்டை ஏற்றுக்கொண்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் பெர்கூசன் முறை அதில் இருந்தமையால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒரே கருவி நான்கு சக்கரங்களையும் காத்தது. 1971-க்குள் 320 கார்களே செய்யப்பெற்றன. விலை மிக்க பொருளுக்கு வாங்குவோர் அரியர்.

அடுத்து மின்னணுவியலின் காலம் வந்தது. ஜெர்மனியில் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தாரும் டெல்டிக்ஸ் நிறுவனத்தாரும் 1970-இல் மின்னணு அமைப்பொன்றை உலகிற்குக் காட்டினர். சோதனைத் தடத்தில் அது நன்கு இயங்கியது. ஆயினும் பெருந்தொகையாகச் செய்து விற்பதற்குரிய உறுதி அதற்கு இல்லை. இப்பணியைப் பின்னர் ஏற்ற பாஷ் நிறுவனத்தார், எண்முறைச் சுற்றுகளைக் கையாண்டு, ஏறக்குறைய 1000 உறுப்புகள் செய்த வேலையை 140 உறுப்புகளுக்குள் அடக்கினர். 1978-இல் அவ்வமைப்பு மெர்சிடிஸ் எஸ் வகைக் காரில் விற்பனைக்கு வந்தது.

அதே 1978-இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். காற்றுப் பிரேக் கொண்ட லாரிகளில் சக்கரம் இறுகி நிற்றலாகாது என்னும் விதி அங்கு 1975-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. பொருத்திய கருவிகள் சாலையில் பழுதுறுகின்றன என்ற முறையீடு எழுந்து வழக்காயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியின் தலையாய பகுதிகளைத் தள்ளிவிட்டது. ஓரிடத்தில் பிறந்த ஆண்டே மற்றோரிடத்தில் விழுந்த ஆண்டும் ஆயிற்று.

மாணவ நண்பர்களே, ஜெர்மானியர் செய்த அமைப்பின் சிறப்பு எதில் உள்ளது என்று என்னைக் கேட்டால், அது தன்னைத்தானே ஐயுறக் கற்றிருந்தது என்பேன். வண்டியைக் கிளப்பியவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும், ஓட்டத்திலும் சோதித்துக்கொண்டிருக்கும். ஐயம் தோன்றின் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். அப்போது வழக்கமான பிரேக் அப்படியே இருக்கும்.

1986-ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட், பாஷின் இரண்டாம் தலைமுறை அமைப்பை எல்லாக் கார்களிலும் பொருத்தி வெளிவந்தது. அந்த ஸ்போர்ட்ஸ் காரையே நம் சான்றாகக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பல் வளையம் ஒன்று சுழல்கிறது. அதன் எதிரே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணர்கருவி அசையாது நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மின்துடிப்பு எழும். துடிப்புகள் விரைந்து வந்தால் சக்கரம் விரைகிறது. அவை நின்றால் சக்கரம் நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேறு கண் கிடையாது. சாட்சி சொல்வதை அது நம்பியாக வேண்டும்.

பல்லாண்டு கடந்த காரில் கெடுவது பெரும்பாலும் இச்சாட்சியே. வளையத்தின் பல்லிடையே துருவும் இரும்புத்தூளும் அடையும். பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினால் இடைவெளி மாறும். ஸ்டியரிங்கோடு பல்லாயிரம் முறை வளைந்த கம்பி, உறைக்குள்ளேயே அறுந்து நிற்கும். இவற்றை நோக்காது, விலையுயர்ந்த வால்வுத் தொகுதியைக் கழற்றி மாற்றுவோர் உளர். பணம் போனபின்னும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

எனவே எளியதிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பிரேக் எண்ணெயின் அளவு, பேட்டரியின் மின்னழுத்தம், பியூஸ், ரிலே, தரையிணைப்புக் கம்பி ஆகியவற்றை முதலில் நோக்குக. பின்னர் உணர்கருவியின் மின்தடையை அளக்கவேண்டும். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் அது 1000 ஓம் அளவையொட்டி இருக்கும். சரியான எண்ணை அந்தக் காரின் கையேடு கூறும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுதல் இன்னும் நன்று. அளக்கும்போதே கம்பியை வளைத்துப் பார்த்தால், மீட்டரின் முள் துள்ளி அறுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இறுதியாகக் காரை உயர்த்தித் தாங்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மாறுமின்னழுத்தம் எழுகிறதா என்று காணலாம்.

விளக்கு எரியாத பழுதே எனக்கு மிகுந்த அச்சம் தருவது. இவ்வுணர்கருவியின் துடிப்பு வேகம் குறையக் குறையத் தானும் மெலியும். துருவால் முன்பே மெலிந்த துடிப்பு, கார் மெல்ல ஊர்ந்து நிற்கும் நேரத்தில் முற்றும் மறைந்துவிடும். பெட்டி அதைச் சக்கரம் இறுகியதாகவே கொள்ளும். நல்ல தரையிலும் பிரேக்கைத் தளர்த்தும். காலடியில் பெடல் அதிர, கார் நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டிச் சில அடி சென்றுவிடும். ஐயுறும் அறிவுடைய அமைப்பும் இங்கே ஏமாறுகிறது. ஏனெனில் பொய்ச்சாட்சி மெய்போலவே பேசுகிறது. வளையத்தைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் இது தீரும்.

பழைய கார் வாங்கச் செல்வோர் வேறெதையும் தொடுமுன் சாவியைத் திருப்பி அந்த எச்சரிக்கை விளக்கை நோக்குவர். அது முதலில் எரிந்து, சற்று நேரத்தில் அணைய வேண்டும். எரிவதே இல்லையாயின் பல்பு பழுதாகியிருக்கலாம். அல்லது முன்பு அக்காரை வைத்திருந்தவர் தொல்லை தாங்காது அதைக் கழற்றியிருக்கலாம்.